சிறிய பள்ளிக்குத் தனித் தேர்வு நியாயமா?
(ஒரு நிகழ்தகவுப் பார்வை)

இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல் (கணிதம்)

முன்னுரை

போட்டி என்று ஒன்று நடந்தால் வெல்பவர் சிலராகவும் தோற்பவர் பலராகவும் இருப்பது இயற்கை. ஆனால் போட்டி தொடங்கும் முன்னரே கலந்துகொள்வோரைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே வெற்றியாளரை அறிவிப்பது முறையா? குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டு. அதை யாரும் குறை சொல்வதில்லை. ஓட்டப் பந்தயத்தில் வயதுப் பிரிவு உண்டு, அதையும் ஏற்றுக்கொள்கிறோம். இசைக்கு அப்படி ஒரு பிரிவு வைக்கலாமா? அதுவும் வாசிப்பவரின் வயதையோ அனுபவத்தையோ பாராமல், அவர் படிக்கும் பள்ளியில் எத்தனை மாணவர் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பிரிக்கலாமா?

இவ்வாண்டு நிகழ்தகவுப் பாடத்தில் ‘மாதிரியின் மிகப்பெரிய மதிப்பு’ என்னும் பகுதியைப் படித்தோம். அதற்கு வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தேடும்போது, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பள்ளி மாணவர்களின் பேண்டு வாத்தியத் தேர்வு முறை என் கண்ணில் பட்டது. நமக்குத் தொலைவான செய்திதான். ஆயினும் அதற்குள் இருக்கும் கேள்வி நமக்கு மிக அருகில் உள்ளது. அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநில பேண்டு என்பது யாது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பேண்டு என்பது ஒரு பாடம். கணிதத்திற்கும் வரலாற்றிற்கும் மணி ஒதுக்குவதுபோல அதற்கும் மணி ஒதுக்கியிருப்பார்கள். ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா, முரசு வகைகள் எனப் பல வாத்தியங்கள் சேர்ந்ததே பேண்டு. இவற்றுள் கிளாரினெட் நமக்கும் அந்நியமன்று; ஏ. கே. சி. நடராஜன் அவர்கள் அதில் கருநாடக இசையை வாசித்துப் புகழ் பெற்றார். ஓபோ, பசூன், பிரெஞ்சு ஹார்ன் போன்றவை நாம் அதிகம் கண்டிராதவை, விலை கூடியவை, கற்பிப்பவரும் குறைவு. இச்செய்தி பின்னால் பயன்படும், மனத்தில் வைத்துக்கொள்க.

பல பள்ளிகளிலிருந்து சிறந்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சில நாட்களுக்கு ஒரே குழுவாக அமர்த்தி, பெயர்பெற்ற நடத்துநர் ஒருவரிடம் பயிற்சி பெறச் செய்து, மேடையேற்றுவார்கள். இதற்கு ‘ஆனர் பேண்டு’ என்று பெயர். மாநில அளவில் நடந்தால் அது மாநில பேண்டு. டெக்சாஸில் இதனை நடத்துவது 1920-இல் தோன்றிய டெக்சாஸ் இசைக் கல்வியாளர் சங்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் சான் அன்டோனியோ நகரில் கூடும் அச்சங்கத்தின் மாநாட்டில் மாநில பேண்டுகள் வாசிக்கின்றன. பள்ளி வாழ்வில் ஒரு மாணவர் அடையக்கூடிய மிகப்பெரிய இசைப் பெருமை இதுவே எனலாம்.

தேர்வு பல படிகளைக் கொண்டது. வட்டார அளவில் வென்றவர் அடுத்த படிக்கும், அங்கு வென்றவர் மாநிலத்திற்கும் செல்வர். வாசிக்க வேண்டிய பயிற்சிப் பாடங்கள் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே. அவை கோடை விடுமுறையிலேயே அறிவிக்கப்பட்டுவிடும். தேர்வறையில் வாசிப்பவர் யார் என்பது நடுவர்களுக்குத் தெரியாது. இடையே திரை இருக்கும். பெயருக்குப் பதில் எண் இருக்கும்.

பள்ளிகளை அளவால் பிரித்தல்

டெக்சாஸ் பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளை நடத்தும் அமைப்பு ஒன்று 1910-இல் தோன்றியது. பல்கலைக்கழகப் பள்ளிகளிடை லீக் என்பது அதன் பெயர். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு இது பள்ளிகளை ஆறு பிரிவாகப் பிரிக்கிறது. 1ஏ என்பது மிகச் சிறியது. 6ஏ மிகப் பெரியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லைகளை மாற்றியமைக்கிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான சுற்றில் எல்லைகள் பின்வருமாறு அமைந்திருந்தன:

1ஏ – 105 மாணவருக்குக் குறைவு
2ஏ – 105 முதல் 249 வரை
3ஏ – 250 முதல் 544 வரை
4ஏ – 545 முதல் 1,299 வரை
5ஏ – 1,300 முதல் 2,224 வரை
6ஏ – 2,225-உம் அதற்கு மேலும்

1ஏ முதல் 4ஏ வரையிலான பள்ளிகளுக்கென்றே டெக்சாஸ் சிறுபள்ளி பேண்டுகள் சங்கம் என்ற தனிச் சங்கம் இருக்கிறது. அது தனியே தேர்வு நடத்தித் தனியே மாநில பேண்டுகளை அமைக்கிறது. அவையும் அதே சான் அன்டோனியோ மாநாட்டில் வாசிக்கின்றன. சிறுபள்ளி மாணவர் விரும்பினால் தனித் தேர்வை விட்டுப் பெரிய பள்ளிகளோடு மோதும் பொதுத் தேர்வுக்கும் போகலாம். அவ்வாறு போய் வெல்பவரும் உண்டு.

இந்தப் பிரிவினை நியாயமா என்பதே நம் கேள்வி.

ஆட்டக் களத்தில் எண்ணிக்கை

முதலில் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 100 மாணவர் உள்ள பள்ளி ஒன்று, 2,000 மாணவர் உள்ள பள்ளி ஒன்று. இரண்டும் பதினொருவர் கொண்ட அணியை அமைக்கின்றன. சிறிய பள்ளி தன் மாணவரில் 11 விழுக்காட்டினரை அணியில் சேர்த்தாக வேண்டும். பெரிய பள்ளியோ அரை விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவரைச் சேர்த்தால் போதும். இரு பள்ளி மாணவரும் சராசரியில் சமமான திறமை உடையவர்களாக இருப்பினும், பெரிய பள்ளியின் அணியே பெரும்பாலும் வலுவாக இருக்கும். இங்கே குறை யாரிடமும் இல்லை, எண்ணிக்கையே விளையாடுகிறது.

விதிவிலக்கும் உண்டு. இண்டியானா மாநிலத்தில் கூடைப்பந்துக்கு நெடுங்காலம் எல்லாப் பள்ளிக்கும் ஒரே போட்டிதான். 1954-இல் 161 மாணவரே இருந்த மிலன் என்ற ஊரின் பள்ளி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை இறுதியாட்டத்தில் 32-30 என்ற கணக்கில் வென்றது. பாபி பிளம்ப் என்னும் மாணவர் கடைசி நொடிகளில் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அந்த வெற்றியின் தூண்டுதலால் 1986-இல் ஒரு திரைப்படமும் வந்தது. ஒரு சிறிய பள்ளியின் வெற்றியை இத்தனை ஆண்டுகள் பேசுகிறார்கள் என்பதே அது எத்துணை அரிது என்பதற்குச் சான்று. 1997-98 பருவத்திலிருந்து இண்டியானாவும் அளவுப் பிரிவுக்கு மாறிவிட்டது.

ஆகவே அணி விளையாட்டில் அளவுப் பிரிவு நியாயமே.

புள்ளியியல் என்ன சொல்கிறது?

ஒரு கூட்டத்திலிருந்து சிலரை எழுந்தமானமாக எடுத்தால் அவர்களுள் மிகச் சிறந்தவர் எவ்வளவு சிறந்தவராக இருப்பார்? இக்கேள்விக்கு எல். எச். சி. டிப்பெட் என்னும் ஆங்கிலப் புள்ளியியலாளர் 1925-இல் விடை கண்டு அட்டவணை வெளியிட்டார். திறமை இயல்நிலைப் பரவலாக அமைந்திருக்கிறது என்று கொள்வோம். அப்போது 10 பேரில் முதல்வர், சராசரிக்கு மேல் திட்ட விலக்கத்தின் 1.54 மடங்கு உயரத்தில் இருப்பார் என எதிர்பார்க்கலாம். 100 பேரில் முதல்வர் 2.51 மடங்கு உயரத்திலும், 1,000 பேரில் முதல்வர் 3.24 மடங்கு உயரத்திலும் இருப்பர்.

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கூட்டம் பெரிதானால் அதன் முதல்வரும் உயர்கிறார். சராசரி மாறாவிட்டாலும் இது நடக்கும். மற்றொன்று, கூட்டம் பத்து மடங்கானாலும் உயரம் பத்து மடங்காவதில்லை. முதல் பத்து மடங்குப் பெருக்கத்தில் 0.97 கூடியது, அடுத்த பத்து மடங்கில் 0.73-தான் கூடியது. அளவின் ஆதாயம் போகப் போகக் குறைகிறது.

இவ்வளவு படித்ததும், ‘சிறுபள்ளிக்குத் தனித் தேர்வு தேவை என்பது நிறுவப்பட்டுவிட்டது’ என்று எழுதி முடித்துவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

பள்ளியின் கணக்கும் மாணவரின் கணக்கும்

பேண்டுத் தேர்வில் பள்ளி போட்டியிடவில்லை, மாணவர் போட்டியிடுகிறார். திரைக்குப் பின்னால் ஒருவர் தனியே உட்கார்ந்து தனியே வாசிக்கிறார். அவர் பள்ளியில் வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதால் அவருடைய விரல் வேகம் கூடவோ குறையவோ போவதில்லை. இதைக் கணக்கிலேயே காண்போம்.

எந்தப் பள்ளியானாலும் 500 மாணவருக்கு ஒருவர் மாநில பேண்டுக்குத் தகுதியுடையவர் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். 100 மாணவர் உள்ள பள்ளியில் அத்தகையவர் ஒருவராவது இருப்பதற்கான நிகழ்தகவு, ஒன்றிலிருந்து 499/500-இன் நூறாம் அடுக்கைக் கழித்தால் கிடைப்பது. அது சுமார் 18 விழுக்காடு. 2,000 மாணவர் உள்ள பள்ளிக்கு இதே கணக்குச் செய்தால் சுமார் 98 விழுக்காடு வருகிறது.

18 எங்கே, 98 எங்கே! சிறுபள்ளிக்குப் பெரும் அநீதி என்று தோன்றுகிறது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சிறுபள்ளியில் படிக்கும் ஒரு மாணவருக்கு உள்ள வாய்ப்பு என்ன? 500-இல் ஒன்று. பெரிய பள்ளியில் படிக்கும் ஒரு மாணவருக்கு? அதுவும் 500-இல் ஒன்றே. பள்ளிகளுக்கிடையே இருந்த பெரும் வேறுபாடு மாணவர்களுக்கிடையே மறைந்துவிட்டது.

இதனால் பெறப்படுவது என்ன? ‘எங்கள் பள்ளியிலிருந்து யாருமே தேர்வாகவில்லை, அவர்கள் பள்ளியிலிருந்து நான்கு பேர் தேர்வாகிவிட்டார்கள், ஆகவே தேர்வு நியாயமில்லை’ என்ற வாதம் மட்டும் போதாது. எண்ணிக்கை சிறிதானால் சில ஆண்டுகள் வெறுமையாகப் போவது இயல்பே. அதைக் கொண்டு அந்தப் பள்ளியின் ஆசிரியரைக் குறை கூறுவதும் தவறு. திடீரென ஓராண்டு இருவர் தேர்வானால் அவரை வானளாவப் புகழ்வதும் தவறு. சிறிய மாதிரி அங்குமிங்கும் தாவும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்த பாடம்.

அப்படியானால் தனிநபர் தேர்வில் அளவுப் பிரிவு தேவையே இல்லையா? எண்ணிக்கை ஒன்றுதான் வேறுபாடு என்றால், தேவையில்லை. இது என் கருத்து. ஆனால் எண்ணிக்கை மட்டுமா வேறுபடுகிறது?

சிறுபள்ளியில் இல்லாதது எது?

பெரிய பள்ளியில் பேண்டு ஆசிரியர் பலர் இருப்பர். ஒருவர் மரக்குழல் வாத்தியங்களில் வல்லவர். மற்றொருவர் பித்தளை வாத்தியங்களில். இன்னொருவர் தாளக் கருவிகளில். வெளியிலிருந்தும் தனிப்பாடம் சொல்லித்தர ஆசிரியர் வருவர். சிறிய ஊரில் ஒரே ஆசிரியர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா வாத்தியத்தையும் கற்பிக்க வேண்டியிருக்கும். அவர் டிரம்பெட் வாசித்துப் பட்டம் பெற்றவராக இருப்பார். பசூன் மாணவருக்கு அவர் சொல்லித்தரக்கூடியது ஓரளவுதான். தனி ஆசிரியர் வேண்டுமென்றால் நெடுந்தொலைவிலுள்ள நகரத்திற்குக் காரில் போய்வர வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும். அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு நேரமும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய பள்ளியில் கிளாரினெட் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பர். தன்னைவிட நன்றாக வாசிப்பவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவரைக் கேட்டே பாதி கற்றுக்கொள்ளலாம். சிறிய பள்ளியில் ஓபோ வாசிப்பவர் ஒருவரே இருப்பார். சில பள்ளிகளில் ஓபோவே இருக்காது. தன் வாத்தியத்தின் நல்ல ஒலி எப்படியிருக்கும் என்பதை நேரில் கேட்காமலே ஒருவர் தேர்வறைக்குப் போக நேரும். மேலும் சிறிய பள்ளியில் எல்லா வேலைக்கும் அதே பிள்ளைகள்தாம். பந்தாடுபவரும் அவரே, நாடகத்தில் நடிப்பவரும் அவரே, ஆட்டத்தின் இடைவேளையில் விளையாட்டு உடையோடேயே பேண்டு வரிசையில் வந்து நிற்பவரும் அவரே. பயிற்சிக்கு நேரம் எங்கிருந்து வரும்?

இவை எண்ணிக்கையின் குற்றமல்ல. கிடைத்த கல்வியின் குறை. மேலே சொன்ன ‘500-இல் ஒருவர்’ என்ற எண் இங்கேதான் உடைகிறது. பிறவித் திறமை 500-இல் ஒருவருக்கு இருக்கலாம். அது தேர்வறையில் ஒலியாக வெளிப்பட வேண்டுமானால் நடுவில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

திரை எதை மறைக்கும், எதை மறைக்காது?

திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்யும் முறை பெரிய இசைக்குழுக்களில் முன்பே வந்தது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1952-ஆம் ஆண்டளவில் திரையைப் பயன்படுத்தத் தொடங்கியது. அமெரிக்காவின் முதன்மையான ஐந்து இசைக்குழுக்களில் 1970-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த பெண் கலைஞர்கள் 1993-இல் 21 விழுக்காடானார்கள். இதில் திரைக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கிளாடியா கோல்டினும் செசிலியா ரவுஸும் ஆராய்ந்து 2000-இல் கட்டுரை வெளியிட்டனர். கோல்டின் 2023-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

திரை நல்லது. அது முகத்தை மறைக்கும்; நிறத்தை மறைக்கும்; ஆணா பெண்ணா என்பதை மறைக்கும்; யார் வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்கும். ஆனால் ஏழாண்டு ஆசிரியர் இருந்ததையும் இல்லாததையும் அதனால் மறைக்க முடியாது. அது ஒலியிலேயே கேட்டுவிடும். நடுவர் ஐவரும் நேர்மையாளராக இருக்கலாம். அவர்கள் தந்த மதிப்பெண்ணில் ஒரு பிழையும் இல்லாதிருக்கலாம். ஆயினும் அளக்கப்படுவது திறமை மட்டுமன்று. திறமையோடு கிடைத்த வாய்ப்பும் சேர்ந்தே அளக்கப்படுகிறது.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அங்கே துலாக்கோலை உவமையாகக் காட்டுகிறார். அந்தக் கோல் முதலில் தான் சமனாக நிற்கும். அதன் பின்னரே எடை காட்டும். நாம் பெரும்பாலும் இரண்டாம் வேலையை மட்டும் கவனிக்கிறோம்.

நம் தேர்வும் நம் திரையும்

இதனை எழுதும்போது என் பள்ளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நான் படித்தது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் நாங்கள் முப்பத்தொரு பேர். வேதியியல் ஆசிரியர் மாற்றலாகிச் சென்ற பின் அவ்விடம் ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. கணித ஆசிரியரே நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்து புத்தகத்தை வாசித்துப் பொருள் சொல்லுவார். பியூரெட்டை நாங்கள் கையில் பிடித்தது செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நானே முதல். தந்தையார் செங்கல் சூளையில் வேலை செய்பவர். தாயார் களை வெட்டப் போகிறவர். வேதியியலில் எனக்கு வந்த மதிப்பெண் குறைவு. விடைத்தாளைத் திருத்தியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்கு என் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நம் பொதுத் தேர்விலும் திரை இருக்கிறது. அந்தத் திரை தன் வேலையைச் சரியாகவே செய்தது. ஆளில்லாத அந்த ஏழு மாதத்தை அது எப்படி அறியும்?

தமிழ்நாட்டில் இதே கேள்விக்கு 2020-இல் ஒரு சட்டம் விடை தேடியது. மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் முதலிய படிப்புகளுக்கும் இவ்வாறே ஒதுக்கீடு வந்தது. மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

டெக்சாஸ் முறைக்கும் நம் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே பள்ளியின் அளவைப் பார்த்தார்கள். இங்கே பள்ளியின் வகையைப் பார்த்தார்கள். எத்தனை பேரோடு படித்தாய் என்பது அங்குக் கேள்வி. எங்கே, எத்தனை ஆண்டு படித்தாய் என்பது இங்குக் கேள்வி. மாணவருக்குக் கிடைத்தது என்ன என்பதற்கு இரண்டாம் கேள்வியே நெருங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மருத்துவ இடங்கள் எண்ணி வைத்தவை. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றொருவருக்கு இல்லை. ஆகவே அங்கே காரணத்தை நன்கு நிறுவிய பிறகே ஒதுக்க வேண்டும். நம் சட்டத்திற்கு முன் நீதிபதி கலையரசன் தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்தது அதனால்தான். சிறுபள்ளி பேண்டோ கூடுதலாகப் போட்ட மேடை. பெரிய பள்ளி மாணவரின் நாற்காலி எதையும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்வாதங்கள்

அளவுப் பிரிவுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை மூன்று. மூன்றிலும் உண்மை உண்டு.

முதலாவது, எல்லைக்கோடு. 2022-24 சுற்றில் 1,299 மாணவர் உள்ள பள்ளி 4ஏ பிரிவு. 1,300 மாணவர் உள்ள பள்ளி 5ஏ பிரிவு. ஒரே ஒரு மாணவர் கூடியதால் அப்பள்ளியின் பிள்ளைகள் அனைவரும் சிறுபள்ளித் தேர்வுக்கு உரிமை இழக்கின்றனர். அதே வேளையில் 100 பேர் படிக்கும் பள்ளியும் 1,250 பேர் படிக்கும் பள்ளியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஒன்று மற்றொன்றைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரியது! கோடு போட்டால் எங்காவது போடத்தான் வேண்டும். ஆனால் கோட்டுக்கு அருகில் நிற்பவரின் வேதனை கோடு போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு வேறு, வசதி வேறு. பெருநகரின் வறிய பகுதியில் 2,500 பேர் படிக்கும் பள்ளி ஒன்று இருக்கலாம். அங்கே வாத்தியங்கள் பழையவை. தனிப்பாடத்திற்குப் பணம் கொடுக்கக்கூடிய பெற்றோர் சிலரே. அளவுப்படி அது 6ஏ. செல்வம் மிகுந்த புறநகர்ப் பள்ளிகளோடு அது மோத வேண்டும். மறுபுறம் வசதியுள்ள சிறிய பள்ளி ஒன்று சிறுபள்ளிப் பட்டியலில் எளிதாக முன்னுக்கு வந்துவிடும். அளவு என்பது வசதியைக் காட்டும் ஓர் அடையாளம். அதுவே வசதி ஆகிவிடாது.

மூன்றாவது, பெருமை குறையும் என்பது. ‘சிறுபள்ளி பேண்டில்தானே வந்தாய்’ என்று யாரேனும் சொல்லக்கூடும். இதற்கு அங்கே நல்ல வழி வைத்திருக்கிறார்கள். விரும்பும் சிறுபள்ளி மாணவர் பொதுத் தேர்வுக்குச் செல்லலாம் என்று முன்னரே கண்டோம். கதவு இரண்டு, எதில் நுழைவது என்பது மாணவரின் முடிவு. தனிப் பிரிவு என்பது கூரையாக இருந்தால் தீமை. படிக்கட்டாக இருந்தால் நன்மை.

சோதிப்பது எப்படி?

இந்தக் கேள்வியை வெறும் வாதத்தால் தீர்க்க வேண்டியதில்லை, கணக்கால் சோதிக்கலாம். பிரிவு இல்லாத பொதுத் தேர்வு ஒன்றில் 100 நாற்காலிகள் இருப்பதாகக் கொள்வோம். பேண்டு கற்கும் மாணவர்களில் 20 விழுக்காட்டினர் சிறுபள்ளிகளில் படிப்பதாகவும் கொள்வோம். வாய்ப்புச் சமமானால் சிறுபள்ளியினர் சுமார் 20 நாற்காலி பெற வேண்டும். ஈருறுப்புப் பரவலின்படி திட்ட விலக்கம் 100, 0.2, 0.8 ஆகியவற்றைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 4. ஆகவே 12 முதல் 28 வரை எது வந்தாலும் தற்செயல் என்று விட்டுவிடலாம். வெறும் 5 வந்தால்? எதிர்பார்த்ததைவிட 15 குறைவு; திட்ட விலக்கத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. தற்செயலாக இது ஆயிரத்தில் ஒரு முறைகூட நிகழாது. எங்கோ வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்று அப்போது துணிந்து சொல்லலாம்.

இந்தச் சோதனையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஓபோவே இல்லாத பள்ளியில் ஓபோ வாசித்திருக்கக்கூடிய பிள்ளை, ‘பேண்டு கற்போர்’ என்ற எண்ணிக்கைக்குள் வரமாட்டார். தேர்வுக்கே வராதவர் தோற்றவர் பட்டியலிலும் இருக்கமாட்டார். ஆகவே பேண்டு கற்போரை மட்டும் எண்ணாமல் பள்ளியில் உள்ள அனைவரையும் எண்ணி ஒருமுறை இதே கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். இரண்டு விடைக்கும் இடையே உள்ள வேறுபாடு, கண்ணுக்குத் தெரியாத இழப்பின் அளவாகும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

அணியாக மோதும் போட்டியில் பள்ளியின் அளவைப் பார்த்துப் பிரிப்பது எண்ணிக்கையாலேயே நியாயமாகிறது. தனியொருவராக வாசிக்கும் தேர்வில் எண்ணிக்கை மட்டும் காரணமாகாது. ஏனெனில் மாணவருக்கு மாணவர் வாய்ப்புச் சமமாகவே இருக்கும். அங்கே தனித் தேர்வுக்கு உண்மையான காரணம், சிறிய பள்ளியின் பிள்ளைக்கு ஆசிரியரும் வாத்தியமும் உடன் வாசிக்கும் துணையும் குறைவாகக் கிடைப்பதே. ஆகையால் பிரிப்பவர்கள் அளவை மட்டும் எண்ணாமல் கிடைத்ததை எண்ணிப் பிரிக்க வேண்டும். தனித் தேர்வோடு பொதுத் தேர்வின் கதவும் திறந்திருக்க வேண்டும்.

தனிப் பட்டியல் இழந்த ஏழு மாதத்தைத் திருப்பித் தராது. அது வெளியே நின்றவரை உள்ளே அழைத்து உட்கார வைக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்தவர் அங்கே கற்கிறார் என்பதை மறக்கலாகாது. ஊரில் தனியே வாசித்த பிள்ளை, முதன்முறையாகத் தன்னைச் சுற்றி முழு பேண்டும் ஒலிக்கக் கேட்கும் அந்தச் சில நாட்கள், பரிசு மட்டுமல்ல, பாடமும்தான். அவர் நாளை ஆசிரியராகித் தன் ஊர்ப் பள்ளிக்கே திரும்பினால், அடுத்து வரும் பிள்ளைக்குத் தனிப் பட்டியலின் தேவை சற்றே குறையும். எந்தத் தனிப் பிரிவும் தன் தேவையைத் தானே குறைத்துக்கொண்டு வருகிறதா என்பதை ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். குறையவில்லையென்றால் தவறு மாணவரிடம் இல்லை. வகுப்பறையில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் நாற்காலியில் இருக்கிறது. அதை முதலில் நிரப்ப வேண்டும்.